மச்சானுக்கு நான் போட்ட இடது மரை

சாகப்போற மனுசன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக் கெடுத்த புண்ணியவான் நான்தான். முதல்லயே ஒத்துக்கிறேன், அடிக்கிறவங்க வரிசையா வாங்க.

அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. ஆறாம் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரல (அதுக்குத்தான் ஒத்துவரல, எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு). திருக்கோகர்ணத்துல ஒரு சைக்கிள் கடையில வேலை. அக்காவை அரிமளத்துல ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் குடுத்திருந்தோம். அந்த மச்சானோட தம்பி கருப்பையா பினாங்குல இருந்தார். உலகச் சண்டைக்கு முந்தி பெரிய கண்ணாடி வில்லை ஒண்ணு, சின்ன வில்லை ஒண்ணு அனுப்பி, 'நான் வந்ததும் குழாயில மாட்டி நிலாப் பாப்போம்ணே'ன்னு எழுதியிருந்தார். அப்பறம் ஜப்பான்காரன் வந்தான். சயாம் காட்டுல ரயில் பாதை போட அவரை இழுத்துட்டுப் போயிட்டான்.

சண்டை முடிஞ்சு ஆள் வந்து சேந்தப்ப, கட்டில்ல படுத்திருக்காரா, துணி கிடக்கான்னு ரெண்டு தடவை பாக்கணும். டாக்டர் கையை விரிச்சுட்டார். கருப்பையா கேட்டது, "அண்ணே, அந்தக் கண்ணாடி இருக்கா?"

மச்சான் பித்தளைக் குழாயும் வில்லையுமா கடைக்கு ஓடியாந்தார். "மாப்ள, ஒன்னால முடியுமா?"

"செத்த சைக்கிளுக்கே உயிர் குடுக்கிறவன் நான். நீங்க போய்ப் பிள்ளைகளை அடிங்க மச்சான், போங்க."

சின்ன வில்லை மெழுகுலயே நின்னுக்கிச்சு. பெருசு கனம், அதைத் திருகி மாட்ட மரை வேணும். குழாயோ தகரம் மாதிரி மெலிசு, அதுல மரை வெட்டினாக் கிழிஞ்சுபோகும். மரை உள்ள இரும்பு வளையம் ஒண்ணைக் குழாய் வாயில சொருகி ஈயத்தால பத்தவைக்கணும், வில்லையை ஒரு மூடியில பதிச்சு அதுல திருகணும். வளையத்துக்கு எங்க போறது? கடையில உடைஞ்ச சைக்கிள் ஒண்ணு கிடந்துச்சு. பெடல் அச்சு ஓடுற இடத்துல, வலதுபக்க வளையத்தை மூடியோட அறுத்தெடுத்து அராவிச் சொருகினேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு.

சைக்கிள்ல ஒண்ணு ரெண்டு மரை தலைகீழா இருக்கும், இது அதுல ஒண்ணு. மத்ததெல்லாம் வலதுபக்கம் திருப்பினா இறுகும், இது கழலும். மிதிக்க மிதிக்கக் கழண்டு வரக் கூடாதுன்னு பண்ணின ஏற்பாடு. வில்லையைப் பதிச்ச மூடியை என் கை பழக்கத்துல தன்னால இடதுபக்கம் திருப்பி இறுக்கிருச்சு. ஊர்ல மத்தவனுக்கு இது தெரியாதேன்னு என் மண்டையில ஏறல.

மறுநாள் சைக்கிள்ல கட்டிக் கொண்டுபோனேன். பொழுது சாயுறப்ப கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போட்டோம். மேல வளர்பிறை. அத்தை (மச்சானோட ஆத்தா) மகன் தலையைத் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. குழாயில கண்ணை வச்ச கருப்பையா, "வெள்ளையாத் தெரியுது... ஆடுதுண்ணே"ன்னார்.

வர்ற வழியில குலுங்கி மூடி லொடலொடன்னு ஆயிருச்சு. மச்சான் அதைப் பிடிச்சு வலதுபக்கம் திருப்பினார்.

"இன்னும் ஆடுதே மாப்ள."

நான் அக்கா குடுத்த பணியாரத்தை மென்னுக்கிட்டே, "சாக்பீஸ் பிடிக்கிற கைக்கு வேற என்ன வரும்? நல்லாத் திருகுங்க மச்சான்!"

திருகினார்.

"பிள்ளைக காதுன்னு நெனச்சுக்கங்க!"

அக்காகூடச் சிரிச்சுச்சு. மச்சான் மறுபடி பல்லைக் கடிச்சுத் திருகினப்பதான் அது இடது மரைன்னு எனக்கு உறைச்சுச்சு. பணியாரத்தைப் போட்டுட்டு எந்திரிச்சேன்.

"மச்சான், அங்கிட்டு இல்ல, இங்கிட்டு—"

மூடி கழண்டு, வில்லை வாசக் கல்லுல விழுந்து உடைஞ்சுச்சு. சத்தம் ரொம்பச் சின்னது. (என்னைப் போட்டு மிதிச்சிருந்தா இதைவிடப் பெரிய சத்தம் வந்திருக்கும். யாரும் மிதிக்கல, அதுதான் கஷ்டம்.)

கருப்பையாவுக்கு ஒண்ணும் தெரியல. பெரிய வில்லை இல்லாத குழாயிலயே கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டிருந்தார். மச்சான் குழாயை நிலாவுக்கு நேராப் பிடிச்சுக்கிட்டே நின்னார். கடைசியில கருப்பையா, "இப்ப ஆடலண்ணே"ன்னார்.

அந்த வாரமே போயிட்டார்.

இன்னைக்கும் அக்கா வீட்டுல ஒரு டப்பா மூடி திறக்கலன்னா, "மாப்ளையைக் கூப்புடு, எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டுத் தொடுவோம்"பார் மச்சான். எல்லாரும் சிரிப்பாங்க, நானும்தான்.

அத்தை மட்டும் சிரிக்க மாட்டாங்க. "எம்மகன் பாத்துட்டுத்தான்யா போனான், நீ செஞ்ச குழாயிலதான் பாத்தான்"னு எனக்கு இன்னும் ரெண்டு பணியாரம் வைப்பாங்க. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதவன் நான். அந்தப் பேச்சு வந்தா மட்டும் ரெண்டு பணியாரத்தையும் ஒண்ணா வாயில போட்டு அடைச்சுக்குவேன்.