பதினாலாம் தேதிக் கட்டம்

"பதினாலாம் தேதி நீ வரலைம்மா. இதோ பாரு, கட்டத்துல ஆப்சென்ட்" என்று வருகைப் பதிவேட்டைத் தட்டிக் காட்டினார் ஆபீஸ் கிளார்க்.

"வந்தேன் சார்."

"அப்ப பதிவேடு பொய் சொல்லுதா?"

"பதிவேடு சொல்லாது சார். எழுதினவங்க சொல்லலாம்."

கிளார்க் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாமாண்டு மாணவி. கையில் மாணவர் கையேடு. சேர்ந்த அன்றே எல்லோருக்கும் கொடுத்து, மறுநாளே எல்லோரும் தொலைத்துவிட்ட புத்தகம் அது. அதை முழுசாகப் படித்த ஒரே ஜீவன் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'ஷரத்து' என்று பெயர்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஷரத்துக்குப் பதினைந்து நாள் வகுப்பு போயிருந்தது. மீதி வகுப்பில் ஒன்றுகூடத் தவறாமல் இருந்தால்தான் புள்ளியியல் தேர்வு எழுதலாம் என்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள். இந்த ஒரு ஆப்சென்ட் அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது. தேர்வு போனால் ஒரு வருஷம் போச்சு.

"சுலபமா முடிக்கலாம். வராததுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடு. பிரின்சிபால் மேடம் பெரிய மனசு பண்ணி விட்டுடுவாங்க."

"வராம இருந்தா மன்னிப்புக் கேக்கலாம் சார். வந்ததுக்கு என்னன்னு கேக்கறது?"

"அப்ப புகார் குடு. காலையில பத்துல இருந்து பதினொண்ணுக்குள்ள வரணும்."

புள்ளியியல் வகுப்பும் பத்திலிருந்து பதினொன்று வரைதான்.

மறுநாள் புகார் கொடுத்தாள். ஆப்சென்ட். படிவத்தில் துறைத்தலைவர் முத்திரை இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த நாள் முத்திரையோடு போனாள். ஆப்சென்ட். முத்திரை கையெழுத்துமேல் விழுந்திருக்கிறதாம், படிக்க முடியவில்லையாம். அதற்கடுத்த நாளும் போனாள். ஒரு ஆப்சென்டைத் தீர்க்கப் போய் நாலு ஆகிவிட்டது.

வாசலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் கேட்டார்.

"தினமும் ஆபீசுக்கு ஓடறியே பாப்பா, என்ன விஷயம்?"

"பதினாலாம் தேதி வரலைன்னு போட்டுட்டாங்கண்ணே."

"பதினாலா? அன்னைக்கு..."

"வாட்ச்மேன், கேட்டுல வண்டி நிக்குது பாருங்க" என்று கிளார்க் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். வாட்ச்மேன் எழுந்து போனார்.

வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "என்னாலதானே இவ்வளவும். அந்த லெட்டரை எழுதிக் குடுத்துட்டு வாடி. ஒரு வரி எழுதினா குறைஞ்சா போயிடுவே?"

"குறைஞ்சுதான் போவேன்மா. இன்னைக்கு ஒரு வரி எழுதினா நாளைக்கு ஒரு பக்கம் கேப்பாங்க."

கையேட்டில் இருபத்திரண்டாம் விதி அவளுக்குப் பாதி தைரியம் தந்தது. புகார் சரியென்று நிரூபணமானால், அதற்காக விட்டுப்போன வகுப்பெல்லாம் வருகையாகக் கணக்காகும். நிரூபணமாகாவிட்டால் எல்லாம் ஆப்சென்ட்தான். இப்போது இந்தப் பக்கம் போனால் ஒரு வருஷம் மிச்சம், அந்தப் பக்கம் போனால் ஒரு வருஷம் நஷ்டம். நடுவில் எதுவும் இல்லை.

இன்னொரு வகுப்பும் விட்டுப்போகக் கூடாதென்று மறுநாள் தோழியை அனுப்பினாள். 'மூன்றாம் நபர் புகாரைக் கையாளக் கூடாது' என்று அவளைத் திருப்பியதோடு அவளுக்கும் ஒரு ஆப்சென்ட் விழுந்தது. ஷரத்துக்கு ரத்தம் கொதித்தது. அதற்கடுத்த நாள் கவுன்ட்டர் முன் நின்று, மாணவர் உரிமைகள் பகுதியை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நாலு பேர், "நமக்கு இவ்வளவு உரிமை இருக்கா?" என்று கேட்டார்கள்.

மாலையில் அவள் கையில் மெமோ. அலுவலகத்தில் குரல் உயர்த்தியதற்கு ஒழுங்கு விசாரணை, வெள்ளி பத்து மணி, முதல் அறை. கூடவே இன்னொரு கடிதம். அவள் புகார்மீது விசாரணை, வெள்ளி பத்து மணி, இரண்டாம் அறை. இரண்டுக்கும் தலைவர் பிரின்சிபால் மேடம்.

"மேடம், நீங்க எந்த ரூம்ல இருப்பீங்க? நானும் அங்கேயே வந்துடறேன்" என்று நேரே போய்க் கேட்டாள்.

மேடம் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் அவர் கையெழுத்துத்தான்.

"ஒரே ரூம்ல வெச்சுக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் அறையைத் திறந்துவிட்டு, ஆடிய மின்விசிறியைச் சரிபார்க்க மூலையில் ஸ்டூல் போட்டு ஏறினார். கிளார்க் குறிப்பெடுக்க உட்கார்ந்தார். மேடம் தொண்டையைச் செருமினார்.

"புகார் என்ன?"

"பதினாலாம் தேதி எனக்குப் போட்ட ஆப்சென்ட் தப்பு மேடம்."

புள்ளியியல் விரிவுரையாளர் நிதானமாக எழுந்தார். மாத வருகையில் எல்லோரும் எல்லா நாளும் வந்ததாக இருந்தால் யாருமே நம்ப மாட்டார்கள் என்று வகுப்பிலேயே சிரித்துக்கொண்டு சொல்பவர் அவர்.

"நல்லா ஞாபகம் இருக்கு மேடம். அன்னைக்குத் தூறல் போட்டுச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது பெஞ்ச் காலி. என் கண்ணால பார்த்தேன்."

சாட்சிக்கு வந்திருந்த தோழி விடுவாளா?

"பொய் மேடம். அவ என் பக்கத்துலதான் இருந்தா. என் பேனாவைத்தான் வாங்கி எழுதினா. இன்னும் திருப்பித் தரல."

"நானும் கவனிச்சேன் மேடம்" என்றார் கிளார்க், யாரும் கேட்காமலே. "அந்த நேரத்துல இவ வெளியே கேட் பக்கம் சுத்திட்டிருந்தா."

"நானே அன்னைக்கு ரவுண்ட்ஸ் வந்தேன்" என்று மேடமும் சேர்ந்துகொண்டார். "சார் போர்டுல எழுதிட்டிருந்தார். வகுப்பு அமைதியா நடந்துச்சு. சரி, நீ சொல்லும்மா. அன்னைக்கு என்ன பாடம்?"

ஷரத்து யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஒரு வருஷம் தொங்குகிறது. அம்மாவின் முகம் வந்து போனது.

"தெரியலை மேடம்."

"பார்த்தீங்களா" என்றார் விரிவுரையாளர்.

"தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன் மேடம். நான் லீவு போடலை. இது மட்டும் தெரியும். நீங்க ஒரு வருஷத்தை எடுத்துக்கிட்டாலும் வரலைன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன்."

மேடம் பேனாவைத் திறந்தார். "இத்தனை பேர் பார்த்ததுக்கு அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? புகார் நிரூபணமாகலைன்னு எழுதிக்குங்க. தேதி பதினாலு."

மூலையில் ஸ்டூல் கிறீச்சிட்டது. வாட்ச்மேன் கீழே இறங்கி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தார்.

"பதினாலாம் தேதி ஞாயித்துக்கிழமைங்க மேடம். காலேஜைப் பூட்டி, சாவியெல்லாம் என் வீட்டு ஆணியில தொங்கிட்டிருந்துச்சு."