நிறம் மாறாத தாள்

உலகத்தில் உறுதிக்கு இலக்கணம் என்று ஒன்று உண்டென்றால் அது சிவப்பு லிட்மஸ் தாள்தான். இதை நானாகச் சொல்லவில்லை. எங்கள் முலாம் பூசும் ஆலையின் 'தூய நீர்க் குழு' ஒருமனதாகத் தீர்மானித்தது. குழுவின் செயலாளர் என்ற முறையில் முதலில் கை தூக்கியவன் நான்.

ஆலையில் இரும்பை அமிலத் தொட்டியில் போட்டுத் துருவைக் கரைப்போம். கழிவுநீரில் சுண்ணாம்பு கலந்து, அமிலத்தின் வீரியத்தை முறித்த பிறகே வாய்க்காலில் விட வேண்டும். சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் உப்பும் தண்ணீருமாக அடங்கிவிடும். ஆனால் சுண்ணாம்புத் தூள் மேலாளரின் புதுக் கார் மீது படிந்தது. எனவே சுண்ணாம்பு நிறுத்தப்பட்டது.

அன்றிலிருந்து வாய்க்கால் நீரில் நனைத்த நீலத் தாளெல்லாம் சிவந்துபோயின. மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இந்தத் தாளுக்கு என்ன கேடு?"

"தாளுக்கு ஒண்ணுமில்ல சார், தண்ணியிலதான் அமிலம். சுண்ணாம்பு போட்டா சரியாயிடும்" என்றார் ஆய்வுக்கூடத்து அம்மா.

"சிவப்புத் தாளும் இருக்கே, அது என்ன ஆகுது?"

"அது காரத்துலதான் நீலமாகும் சார். அமிலத்துல முக்கினா அப்படியே இருக்கும்."

"அப்படியே இருக்குமா?" மேலாளரின் முகம் மலர்ந்தது. "இனிமே அதுலயே பாருங்க. தொட்டதுக்கெல்லாம் நிறம் மாறுற தாளை நம்பி ஆலை நடத்த முடியுமா?"

நீலத் தாள் 'நம்பகமின்மை' காரணமாக விலக்கப்பட்டது. அந்த அம்மாவுக்குப் பார்சல் பிரிவில் 'கூடுதல் பொறுப்பு' அளிக்கப்பட்டது. அறிக்கை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. தினமும் சிவப்புத் தாளை நனைப்பேன். 'நிற மாற்றம் இல்லை' என்று எழுதுவேன். தூய நீருக்கான பரிசாக ஆலைக்கு ஒரு கேடயமும் கிடைத்தது.

வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளுகிறவர் என் தங்கையின் கணவர். ஒரு நாள் தங்கை அவரைக் கைத்தாங்கலாக மேலாளர் அறைக்கே கூட்டி வந்தாள். இரண்டு பாதங்களும் தோலுரிந்து, ரத்தச் சிவப்பாக இருந்தன. ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளத் தோன்றியது. செயலாளர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"பூட்ஸ் போடலையா?" என்றார் மேலாளர்.

"திருப்பி வாங்கிட்டாங்க சார். தூய நீருக்கு எதுக்குப் பூட்ஸுன்னு கேட்டாங்க" என்றார் மாப்பிள்ளை.

"சரி. போன வாரம் கால் என்ன நிறம்?"

"சிவப்பு சார்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் சிவப்புதான்."

"அப்புறம் என்னப்பா? நிறம் மாறலையே."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒரே ஒரு நீலத் தாளை எடுத்து அந்தத் தண்ணியில நனைச்சுக் காட்டுங்க. நீங்க சொன்னா சுண்ணாம்பு போட்டுடுவாங்க. இவரு இன்னொரு வாரம் அதுல நின்னா நடக்கவே மாட்டாரு."

என் மேசை இழுப்பறையில் நீலத் தாள் ஒரு கட்டு இருந்தது. மேலாளரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழுவின் முடிவுப்படி, நிற மாற்றம் இல்லை" என்றேன்.

அதைச் சொன்னபோது என் முகமும் நிறம் மாறவில்லையாம். மேலாளர் கவனித்திருக்கிறார். இன்று முதல் நான் துணை மேலாளர்.