நித்திலம் போனுக்கு ஒரு பூசை

மந்தைவெளி,
ஜூன் 18, புதன்கிழமை.

அன்பு மாப்பிள்ளை கிளிஃபர்ட் அவர்களுக்கு,

மாமனார் பவுல்சாமியின் ஆசீர். இங்கே நானும் உங்கள் அத்தை வெரோனிகாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் ஜொவிட்டாவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம். போன் மட்டும்தான் சௌக்கியமாக இல்லை. அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

மந்தைவெளியிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் இருக்க, இதற்கு ஒரு தபாலா என்று நினைப்பீர்கள். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், அது உங்கள் ஆபீஸ் செய்த போன். நான் பேசுவது அங்கே யார் காதிலாவது விழுந்து உங்கள் தலைக்கு ஆபத்து வருமோ என்று பயம். ஏற்கெனவே நான் செய்து வைத்திருப்பது போதும்.

கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் சொன்னது எனக்கு வரி விடாமல் நினைவிருக்கிறது. "மாமா, உலகத்துல ரெண்டே வகை போன்தான் ஓடுது. நாங்க மூணாவது. ஆறு மாசத்துல ஆளுங்க சேரலேன்னா தரமணி ஆபீஸை இழுத்து மூடிடுவாங்க" என்றீர்கள். சொல்லிவிட்டுப் பிரியாணிகூட இரண்டாம் முறை கேட்கவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மந்தைவெளியில் உங்கள் கம்பெனியின் நித்திலம் போனை நான் தூக்கி நிறுத்துவது என்று. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து "போன் எப்படி இருக்கு மாமா?" என்று கேட்பதும், நான் "பிரமாதம்" என்பதும் வழக்கமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும், அத்தனையும் பொய்.

போனைக் குறை சொல்லவில்லை. பார்க்க லட்சணமாக இருக்கிறது. பேசினால் கேட்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னால் பேங்குக்கும் போக முடியவில்லை, கேஸும் புக் பண்ண முடியவில்லை. எங்கே போனாலும் "எங்க ஆப் இந்த போன்ல வராது சார்" என்கிறார்கள். எதிர்வீட்டு ஆட்டோ வெங்கடேஷ் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஸ்கேன் பண்ணவும் வராது, ஆட்டோ கூப்டவும் வராது, பின்ன இன்னாத்துக்கு இத்த வச்சிக்கினு கீற?" என்றான். மருமகன் செய்த போன் என்று சொல்ல வாய் வரை வந்தது. உங்கள் மானம் போகுமே என்று விழுங்கிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் புவியியல் பாடம் எடுத்தவன் என்ற தைரியத்தில் மேப்பையாவது பயன்படுத்தலாம் என்று பட்டினப்பாக்கத்து மீன் கடைக்கு வழி கேட்டேன். கடைக்கு இன்னும் இருநூறு மீட்டர் என்று காட்டியது. நான் அப்போது அலையில் கால் நனைத்து நிற்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உங்கள் அத்தை, "மீன் அங்கதானே இருக்கும், போன் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்கிறாள்.

எனக்குப் புரியாத ஒன்றை, மார்க்கெட் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் அப்துல் கஃபார் பாயிடம் கேட்டேன். இவ்வளவு நல்ல போனுக்கு ஏன் ஆப் வருவதில்லை? அவர் சொன்னார்: "மாஸ்டர், ஆப் செய்யறவன் இந்த போன்ல ஆளே இல்லைங்கறான். ஆளுங்க இதுல ஆப்பே இல்லைங்கறாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க." அப்படியானால் முதலில் யார் எழுந்திருப்பது என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன் கவர் வித்துக்கிட்டு இருக்கேன்?" என்றார். எனக்கு இன்னும் அது புரியவில்லை. ஆள் சேர்ப்பது என் வேலை என்பது மட்டும் புரிந்தது. நம் தெருக் கோயில் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில், ஜெபமாலை முடிந்து டீ வருவதற்குள் எல்லோரையும் பிடித்து, ஐந்து குடும்பங்களை நித்திலத்துக்கு மாற்றினேன். என்னோடு ஆறு. அன்றைக்கு உங்கள் ஆபீஸில் கணக்குக் கோடு கொஞ்சமாவது மேலே ஏறியிருக்க வேண்டும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆறு மாதம் முடியப் போகிறதே என்று பதறி, போன் பிழைக்கப் பூசையில் மன்றாடச் சொல்லி ஒரு பூசைக் கருத்து கொடுக்கக் கோயில் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் பூசைக் கருத்தையும் ஆப்பில்தான் போட வேண்டுமாம். அந்த ஆப் நம் போனில் வராது. எழுதிக் கொடுக்கிறேன் என்று அடம்பிடித்து, மேஜை மேல் ஒரு மூலையில் கிடந்த பழைய சீட்டில் 'நித்திலம் போன்' என்று எழுதி, கீழே 'வேண்டுவோர்: பவுல்சாமி குடும்பம்' என்று போட்டுப் பெட்டியில் சேர்த்துவிட்டு நிம்மதியாக வீடு வந்தேன். அது கல்லறைத் திருநாளுக்கு அச்சடித்து மிஞ்சிய சீட்டு என்பதை நான் கவனிக்கவில்லை மாப்பிள்ளை. நான் எழுதிய வரிக்குமேல் 'இறந்தவர் பெயர்' என்று இருந்திருக்கிறது.

போன ஞாயிறு நீங்கள் வராதது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் பூசையில், கூட்டம் நிரம்பி வழிகிறது, சாமியார் வாசிக்கிறார்: "அந்தோணியம்மாள், மரியதாஸ், நித்திலம் போன் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." சாமியாரும் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆனால் எழுதியிருந்ததை வாசித்தாயிற்றே. எல்லோரும் சேர்ந்து மன்றாடினார்கள். நானும்தான்; வாய் பழக்கம். வெளியே வந்தால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "மாஸ்டர், கம்பெனிய மூடிட்டாங்களா?" என்கிறார்கள். ஓய்வுபெற்ற சகினா டீச்சர், என்னோடு ஸ்டாஃப் ரூமில் இருந்தவர், செய்தி கேட்டுச் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, "போகும்போது கஷ்டப்படாம போச்சா மாஸ்டர்?" என்று கேட்டார். கேலியா அனுதாபமா என்று இன்றுவரை தெரியவில்லை. உங்கள் அத்தை அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல், துக்க வீடு மாதிரி.

செவ்வாய்க்கிழமைக்குள் ஐந்து குடும்பமும் போனை மாற்றிவிட்டன. பாய் கடை ஷோகேஸில் ஐந்து நித்திலமும் வரிசையாகப் படுத்திருக்கின்றன. "கொண்டு வந்தது நீங்க, நல்லடக்கமும் நீங்களே பண்ணிடுங்க மாஸ்டர்" என்கிறார் பாய். ஊர் முழுக்க நான் ஒருவன் மட்டுமே பாக்கி. உங்கள் வேலை போனால் அதற்கு நான்தான் காரணம். நினைத்தால் சோறு இறங்கவில்லை. இரண்டு மூன்று மாதமாக நீங்கள் இங்கே வந்தால் உங்கள் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதே இல்லை. ஆபீஸ் கவலை உங்களை அவ்வளவு வாட்டுகிறது போலும். கடைசி ஆளாக இருந்தாலும் நான் இந்த போனை விட மாட்டேன். அதை உங்கள் மேலதிகாரியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஜொவிட்டாவுக்கு எங்கள் முத்தம். சூசையப்பர் உங்கள் நாற்காலியைக் காப்பாராக.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் மாமா,
பவுல்சாமி

பின்குறிப்பு: ஸ்டாம்ப் ஒட்டுவதற்குள் ஜொவிட்டா வந்துவிட்டாள். கடிதத்தைப் படித்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். நீங்கள் மார்ச்சிலேயே அந்த ஆபீஸை விட்டு எதிர்க் கட்டடத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டீர்களாமே? "அப்பா அந்த போனை நெஞ்சோட வச்சிக்கிட்டுச் சுத்துறாரு, அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இவர் தூங்கவே இல்லப்பா" என்றாள். சட்டைப்பைக்குள் இருந்தது வேறு போன் என்ற ரகசியமும் இப்போது புரிந்தது. நீங்கள் எனக்காக, நான் உங்களுக்காக, நடுவில் ஒரு போன் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறது. பழைய ஆபீஸைப் போன மாதமே மூடிவிட்டார்களாம். ஆகவே நான் எழுதிய சீட்டில் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பிரியாணி. புதுப் போனை வெளியே எடுத்து மேஜை மேல் வையுங்கள். அதன் பெயரை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு உடனே பங்கு அலுவலகம் போகத் தோன்றும்.