பனியில் திறக்காத ஆயில் டின்

மூடுபனியைச் சொந்தப் பகையாளியாக நினைத்த மனிதர் இந்தக் கொல்லிமலையிலேயே ஒருவர்தான்: எங்கள் பழக்கிடங்கின் குளிர்மிஷின் மெக்கானிக், ஆயில்காரர். பெயரைக்கூட நான் கேட்டதில்லை. கிடங்கு மேனேஜர் வேலையில் எதையும் கேட்கத் தெம்பு மிச்சமிருக்காது.

கம்ப்ரசருக்கு ஊற்றும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் உள்ளே போனால் மிஷின் கெடும் என்பது நிஜம்தான். அதற்காக மனுஷர் என் உயிரை வாங்கிவிட்டார். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் டின்னை மடியில் வைத்தபடியே வருவார். வெயில் அடித்தால்தான் மூடியைத் திறப்பார். இந்த மலையில் வெயிலுக்கு எங்கே போவது? ஒருமுறை நான்கு நாள் என் ஆபீஸ் பெஞ்சில் படுத்து, என் சாப்பாட்டில் பாதியைத் தின்று, வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

போன ஆடியில் எண்ணெய் குறைந்து மிஷின் நின்றேவிட்டது. உள்ளே, மலைத்தோட்டக்கார கனகம்மாளின் அன்னாசி. அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அதுதான். லாரி வர இன்னும் இரண்டு நாள். வெளியே, எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனி.

"வெயில் வரட்டுங்க, ஊத்தலாம்" என்றார், டின்னோடு வந்து சேர்ந்த ஆயில்காரர்.

"ஏனுங்க, அதுக்குள்ள எல்லாம் அழுகிப்போயிருமுங்க!" கனகம்மாள் அழுதே விட்டார்.

நான் டின்னைப் பிடுங்கப் போனேன். அவர் விடவில்லை. கனகம்மாளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு உத்தரவு போட்டார்.

"ரெண்டு பேரும் மூச்சு உடாதீங்க!"

"என்னது?"

"மூச்சுலயும் ஈரம் இருக்குதுங்க."

கனகம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண் பிதுங்கியது. குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் மூடியைத் திறந்து, "உடாதீங்க, உடாதீங்க" என்று வாய் ஓயாமல் பேசியபடி பம்பை அடித்தார் ஆயில்காரர்.

மிஷின் ஓடியது. அன்னாசி நல்லபடியாக லாரி ஏறியது. ஆயில்காரர் மட்டும் பஸ் ஏறவில்லை. மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அதான் நல்லா ஓடுதில்லீங்க? ஊட்டுக்குப் போங்களேன்" என்றேன், அலுத்துப்போய்.

"அந்தம்மா அழுகறதப் பாக்க மாட்டாம ஈரத்தோட ஊத்திட்டனுங்க. வெயில் வந்ததும் இந்த ஆயில வடிச்சுட்டு, புதுசு ஊத்திக் குடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் இதத் தனியா உட முடியாதுங்க."

என் சாப்பாட்டைத் திறந்து அவருக்குப் பாதி வைத்தேன். நாளைக்கும் பனியாகவே இருந்தால் தேவலை என்று தோன்றியது.