கோல்ஃப் பழகிய மூன்று ஏக்கர்

இனி என் காணியில் ஒரு புல்லைக்கூடத் தொடமாட்டேன் என்று ஆடி மாதத்து ஒரு காலையில் சபதம் எடுத்தேன். விமலேஸ்வரிக்கு அதைச் சொல்லவில்லை. பெரிய சபதங்களை மனைவிக்குச் சொல்லக் கூடாது. சொன்னவுடன் அவை சின்னதாகிவிடும்.

நான் கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். மத்தியதர வகுப்பாருக்குக் குடியேற்றக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னை எழுதிப் போட வைத்தவள் அவள். மூன்று ஏக்கர் கிடைத்தது. ஒரு மூலையில் மண்வீடு. மற்றதெல்லாம் புல். நான் உள்ளே இறங்கி நின்றால் தொப்பி மட்டும் வெளியே தெரியும். ஆவணிக் கடைசியில் காணி அதிகாரி பார்க்க வருவார். வெட்டித் துப்புரவாக்கியிருந்தால் காணி எங்களுக்கு. இல்லாவிட்டால் திருப்பி எடுத்துவிடுவார்கள்.

எடுக்கட்டும். எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வேண்டும். மின்விசிறிக்குக் கீழே கதிரை, மாலையில் கடற்காற்று. காணி போய்விட்டால் விமலேஸ்வரியை இங்கே பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. அவளோ அந்தப் புல்லை எனக்குக் காட்டி, "இதிலை மிளகாய், அதிலை வெங்காயம்" என்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாம்பு.

அந்த நேரத்தில்தான் மயில்வாகனம் என்ற புது எஞ்சினியர் வந்து சேர்ந்தார். ஸ்கொட்லாந்தில் படித்தவர். மூன்று பெட்டியோடும் ஒரு நீளத் தோல் பையோடும் வந்தார். பைக்குள் வேட்டைத் துவக்கு என்று கந்தோரே நடுங்கியது. உள்ளே இருந்தவை கோல்ஃப் மட்டைகள்.

"ஐசே தில்லைநாதன், மார்கழியிலை நான் கொழும்புக்கு மாறிப் போறன். ஒரு கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு போகலாம். உமக்குக் கோல்ஃப் தெரியுமோ?"

"பழகுவன் சேர்."

அந்த வேகத்தில் நான் தாலிகூடக் கட்டியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வற்றிக் கிடந்த குளம்தான் மைதானம். வெடித்த சேறு, கொக்குகள், நடுவில் காற்சட்டையோடு எஞ்சினியர். விமலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கரையில் இருப்பாள்.

"காலை ஊண்டி நில்லும். இடக்கையை மடக்காதையும். அவசரப்படாதையும். எல்லாத்துக்கும் மேலாலை, தலையைத் தூக்காதையும். பந்து போனபிறகும் தூக்காதையும்."

முதல்நாள் உன்னிப்பாகக் கேட்டேன். இரண்டாம் நாளும் இதையே சொன்னார். அடுத்த நாளும் இதே. அதற்குப் பிறகு அவர் வாய் திறந்ததும் நான் கொக்குகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

"சேர், இது தெரியும். புதிசா ஏதும் சொல்லித் தாங்கோவன்."

"புதிசா ஒண்டும் இல்லை, ஐசே. இவ்வளவுதான் கோல்ஃப்."

ஓங்கி வீசினேன். குளத்து மண் பெயர்ந்து எஞ்சினியரின் தேத்தண்ணிக்குள் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கொக்குகள்கூடப் பறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் விசாரணை.

"இண்டைக்கு என்ன சொல்லித் தந்தவர்?"

"நேற்றுச் சொன்னதுதான்."

"நேற்று என்ன சொன்னவர்?"

"முந்தநாள் சொன்னது."

"முந்தநாள்?"

நான் புட்டை விழுங்கினேன்.

"காலை ஊண்டி நிக்கச் சொன்னவர். இடக்கையை மடக்க வேண்டாம் எண்டவர். அவசரப்பட வேண்டாம். தலையைத் தூக்க வேண்டாம்" என்று விமலேஸ்வரி சொன்னாள், புட்டுக்கு மேல் கறி விட்டபடி. "தெரிஞ்ச பாடமெண்டு நீங்கள் காதை மூடுறியள். நீங்கள் மூடுறபடியாலை அந்த மனுசன் திருப்பித் திருப்பிச் சொல்லுது. இப்பிடிப் போனால் கொழும்புக்கு எங்கை போறது?"

கொழும்பு என்ற சொல்லை அவள் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நீர் கொழும்புக்கு வருவீரோ?"

"முதலிலை பந்து வரட்டும்."

"அவர் மட்டையை வீட்டை கொண்டுபோகத் தரமாட்டார். எப்பிடிப் பழகிறது?"

அவள் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். வீதியோரப் புல் வெட்டுகிறவர்கள் நின்றபடியே இரண்டு கையாலும் வீசுகிற நீட்டுப் பிடிக் கத்தி.

"நீளம் சரி. பாரமும் சரி. வீசுற விதமும் அதுதான்."

எனக்குச் சபதம் நினைவுக்கு வந்தது.

"புல்லு வெட்டவோ?"

"ஆர் புல்லு வெட்டச் சொன்னது? நீங்கள் வீசுங்கோ. புல்லு தன்ரை பாட்டிலை விழட்டும்."

யோசித்துப் பார்த்தேன். சபதத்தில் பழுது வரவில்லை. புல்லைத் தொடப்போவது நானல்ல, கத்தி.

மறுநாள் விடியற்காலை தொடங்கியது. அவள் எனக்குப் பின்னால் நிற்பாள். கையில் தேத்தண்ணி, வாயில் பாடம்.

"இஞ்சேருங்கோ, கை மடங்குது."

"ம்."

"அவசரம்."

"ம்."

"தலை. தலையைத் தூக்கிறியள். உங்களுக்கு முன்னாலை இருக்கிற பத்தைதான் பந்து. அதைவிட உலகத்திலை வேறை ஒண்டும் இல்லை."

"ஓம், ஓம்."

"ஒரு எட்டு முன்னுக்கு வாங்கோ. நிண்ட இடத்திலை நிண்டால் கால் பழகாது."

ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு எட்டு வந்தேன். பனியில் நனைந்த புல் சாய்கிற ஓசை, நெருப்பில் நீர் தெளித்தது போலிருக்கும். ஒரே சொற்களைத் தினமும் கேட்டேன். கேட்கக் கேட்க அவை சொற்களாக இல்லாமல் என் தோளுக்குள் இறங்கின. பக்கத்துக் காணி மீராசாகிபு நானா தன் மாடுகளுக்கு அந்தப் புல்லை அள்ளிக்கொண்டு போவார். போகும்போது என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

"நல்லா விளையாடுறீங்க, தம்பி. இந்தப் பக்கமும் கொஞ்சம் விளையாடுங்க. இங்க புல்லு நீளம்."

அவர் பக்கமும் விளையாடினேன். தலையைத் தூக்கவில்லை.

ஆவணி மாதத்து ஒரு மாலை. குளத்தில் எஞ்சினியர் வாய் திறக்குமுன் வீசினேன். பந்தைக் காணவில்லை. தலையைத் தூக்காததால் அது போன திசையும் தெரியவில்லை. கொக்குக் கூட்டம் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது எஞ்சினியர் அணைக்கட்டுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐசே" என்றார் கடைசியில். "உமக்குக் கொழும்பு நிச்சயம்."

அடுத்த நாள் விடிய, சந்தோசத்தில் இன்னும் வேகமாக வீசினேன். பின்னால் ஓர் ஆண்குரல் கேட்டது.

"இவ்வளவையும் வெட்டினது ஆர்?"

"இவர்தான், ஐயா" என்றாள் விமலேஸ்வரி. "தனிய. தன்ரை கையாலை."

தலையைத் தூக்கினேன்.

புல் இல்லை. எங்குமே இல்லை. வீட்டு மூலையிலிருந்து மீராசாகிபு நானாவின் வேலிவரைக்கும் வெறும் மண், சவரம் செய்த முகம்போல. ஒரு நாளும் கண்டிராத அவருடைய வீடு எதிரே தெரிந்தது. அவருடைய மனைவி நாச்சியா முற்றத்தில் நின்று எனக்குக் கை காட்டினார். கத்தி என் கையிலிருந்து நழுவியது. அதைக் குனிந்து எடுத்துத் தந்தவர் காணி அதிகாரி.

"எத்தினையோ கந்தோர்க்காரருக்குக் காணி குடுத்தனாங்கள், மிஸ்டர் தில்லைநாதன். கூலியாள் பிடிக்காமல் தானே வெட்டின ஆளை இண்டைக்குத்தான் காணுறன். இனி இந்தக் காணியிலை ஒருத்தரும் கை வைக்கேலாது."

அவர் கை குலுக்கினார். என் உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். ஜீப் போனது. புழுதி அடங்கிற்று. நான் அடங்கவில்லை.

"விமலேஸ்வரி, எனக்குக் கொழும்பு கிடைச்சிட்டுது. மார்கழியிலை போறம்."

"போறம் எண்டு சொல்லாதையுங்கோ. நீங்கள் போங்கோ. நான் மார்கழியிலை மிளகாய்க் கண்டு நடவேணும்."

"தனியவோ?"

"தனிய ஏன்? நாச்சியா அக்கா துணைக்கு வாறன் எண்டவா. மீராசாகிபு நானா தண்ணி இறைக்க ஆள் விடுறன் எண்டவர்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புல்லும் முடிஞ்சுதுதானே."

அன்று முழுவதும் கந்தோரில் கொழும்பை நினைத்துப் பார்த்தேன். மின்விசிறி சுழன்றது. கதிரையில் நான் இருந்தேன். மேசையில் கடைச் சாப்பாடு. எதிரே ஒருவரும் இல்லை. இன்றைக்கு என்ன சொல்லித் தந்தவர் என்று கேட்க ஒரு குரலும் இல்லை. பின்னேரம் எஞ்சினியரிடம் போய் மாற்றம் வேண்டாம் என்றேன். அவர் அதிர்ந்து போனார். நான் அவரைவிட அதிர்ந்து போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பெரிய தியாகம் செய்தவனின் குரலில் செய்தியைச் சொன்னேன். விமலேஸ்வரி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"தெரியும். உங்கடை உயரத்துக்கு மண்வெட்டிக்குப் பிடி போடச் சொல்லி, போன கிழமையே குடுத்திட்டன்."