நிறுத்தக் காரணம்: பஞ்சர்

லாரி டிரைவர்கள் வண்டிக்குள் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். எலுமிச்சம்பழம், சாமி படம், அழுக்குத் துண்டு, ஆறிப்போன சாம்பார் சாதம். ஆனால் சீட்டுக்குப் பின்னால் புத்தம்புது விளக்கமாறு வைத்துக்கொண்டு லாரி ஓட்டிய மனிதர், இந்தியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் தொடப்பம் அண்ணன். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு லாரி ஆபீசில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். குவாரியிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் கட்டடம் கட்டுகிற இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்னால், சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று, ஜி.பி.எஸ். பொட்டி மாட்டாத லாரி கேட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், எங்கே நின்றார்கள், என்ன வேகம், எப்போது ஓய்வு என்று எல்லாம் அதில் பதிவாகும்.

டிரைவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! பொட்டி ஒட்டுக் கேட்கிறது என்று நம்பிய ஒருவர் ஒரே நாளில் பரம சாதுவாகிவிட்டார். மாடு குறுக்கே வந்தால்கூட “கொஞ்சம் நகருங்க” என்றுதான் சொல்வார். இன்னொருவர் ஆயுத பூஜையன்று பொட்டிக்குச் சந்தனம் அப்பி, மாலை போட்டார். அன்று முழுக்க அவருடைய லாரி என் திரையில் வங்காள விரிகுடாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பொட்டியால் நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. தூங்காமல் நடைமேல் நடை அடித்து, ஸ்டியரிங்கிலேயே சாமியாடியவர்கள் எல்லாம் இப்போது ஓரம் கட்டிப் படுத்துத் தூங்கினார்கள்.

பொட்டியை வாய் நிறைய வரவேற்ற ஒரே ஆள் தொடப்பம் அண்ணன்தான். மாட்ட வந்த பையனிடமிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கித் தானே முடுக்கினார். நேராக என் மேஜைக்கு வந்தார்.

“கண்ணு, இது பழசக் காட்டுமா?”

“நேத்து, முந்தாநாளெல்லாம் காட்டும்ணா.”

“அதுக்கும் முன்னாடி?”

“மாட்டின நாள்லேர்ந்துதான்.”

“மேலேர்ந்து பாக்குதுன்றாங்கோ. எங்கியாவது வெச்சிகினு இருக்கும்மா. நல்லாத் தேடு.”

தேடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். முகம் தொங்கிப் போய்விட்டது. மற்ற டிரைவர்கள் விடுவார்களா? “அண்ணாத்தைக்கு மாமல்லபுரத்துல இன்னொரு வூடு கீது போல. பழசு வெளிய வந்துரும்னு பயப்படுது!” என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

லாரி காரணமில்லாமல் எங்காவது நின்றால் என் திரையில் சிவப்பு விளக்கு மினுக்கும். உடனே போன் போட்டுக் கேட்டு, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முதல் வாரமே, திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஏரிக்கரை வளைவில் தொடப்பம் அண்ணன் சிவப்பானார்.

“அண்ணா, ஏன் நிக்கிறீங்க?”

“பெருக்கினு கீறேன் கண்ணு.”

“எதை?”

“ரோட்டதான். பின்ன இன்னா, வானத்தையா?”

அந்த வளைவில் பாரம் ஏற்றிய லாரிகள் திரும்பும்போது ஜல்லி சிதறும். அதில் ஏறினால் பைக் சறுக்கும். இவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, விளக்கமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் மேலே போவார். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. தென்னங்குச்சி விளக்கமாறுதான் வேண்டும். யாரோ பூந்துடைப்பம் வாங்கிக் கொடுத்ததற்கு, “இது டிவிக்கு மேல தூசு தட்ற ஐட்டம்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டீக்கடையில் தார்ப்பாய் கட்டாத லாரி எதையாவது பார்த்துவிட்டால் போதும், அந்த டிரைவர் டீயை நிம்மதியாகக் குடித்த மாதிரிதான். “தார்ப்பா கட்றியா, இதால ரெண்டு வாங்கறியா?” என்று விளக்கமாற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பார். விளக்கமாற்றால் அடி வாங்கினால் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா? அவனவன் அலறியடித்துக்கொண்டு கட்டுவான்.

எனக்குத்தான் தலைவலி. கம்ப்யூட்டரில் காரணங்கள் என்று டீசல், டீ, ரிப்பேர், பஞ்சர், போலீஸ் இவ்வளவுதான் இருந்தன. பெருக்குதல் இல்லை. போலீஸ் என்று போட்டால் வம்பு. தினமும் பஞ்சர் என்று போட்டேன். மாதக் கடைசியில் முதலாளி அறிக்கையைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, இவன் வண்டி மட்டும் ஆணி மேலயே ஓடுதா?” என்றார். டயரையெல்லாம் கழற்றிப் பார்த்தால் ஒரு ஒட்டுகூட இல்லை. டீசல் திருடுகிறான் என்று முடிவு கட்டி, மறுநாள் காரில் பின்னாலேயே போனார்.

அங்கே நடந்ததை முதலாளியே பிறகு சொன்னார். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காரை விட்டு இறங்கியிருக்கிறார். தொடப்பம் அண்ணன் குனிந்த தலை நிமிராமல், “மொதலாளி, நல்ல நேரத்துல வந்த. அந்த பஸ்ஸ கொஞ்சம் நிறுத்து, இன்னும் ஒரு கை கீது” என்றிருக்கிறார். முதலாளியும் என்ன ஏது என்று யோசிக்காமல் வெள்ளைச் சட்டையோடு நடுரோட்டில் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் கேட்ட கேள்விகளை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. பெரிய கம்பெனியில், டிரைவர்களின் பாதுகாப்புக்கு மார்க் போடும் ஒரு ஆள் இருந்தார். காரணமில்லாத நிறுத்தம் என்றால் மார்க் குறையும். எங்கள் ஆபீசிலேயே கடைசி மார்க் தொடப்பம் அண்ணனுக்கு. இத்தனைக்கும் அவர் வண்டி யார்மேலும் உரசியதுகூடக் கிடையாது. இப்படியே போனால் ஒப்பந்தம் கிடையாது என்று கடிதம் வந்தது.

முதலாளி கெட்டவர் அல்ல. என் மேஜைக்கு எதிரில் தொடப்பம் அண்ணனை உட்காரவைத்து, கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

“இத்தினி குடும்பம் சாப்டுதுய்யா. அந்த ஒரு எடத்துல நிக்காத. வேற எங்க வேணா நில்லு, நான் பாத்துக்கறேன்.”

“அங்கதான் நிக்கணும் மொதலாளி.”

“நின்னா வண்டி உனக்கில்ல.”

“என் புள்ள வுழுந்த எடம் அது.”

அவர் மகன் பைக் விபத்தில் போனது எங்களுக்குத் தெரியும். எங்களிடம் சேருவதற்கு முன்னால், வேறு லாரியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது. எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார்.

தொடப்பம் அண்ணன் சாவியை என் மேஜைமேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கு அவனுக்கு மறைமலைநகர்ல வேல. கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டான். அதான் பைக்க எடுத்தான். அவனுக்கு முன்னாடி அந்த வளைவுல நான் லோடோட போயிருக்கேன் கண்ணு. பக்கத்துலதானே எறக்கப் போறோம்னு தார்ப்பா கட்டல.”

மேஜைமேல் இருந்த சாவியை விரலால் என் பக்கம் நகர்த்தினார்.

“அது நான் கொட்டுன ஜல்லியா, எனக்கப்புறம் வந்தவன் கொட்டுனதா, தெரில. எனக்கும் அவனுக்கும் நடுவுல வேற எதாவது லாரி போச்சான்னு மட்டும் பாத்து சொல்லேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

இதற்காகத்தான் அந்த மனிதர் ஸ்க்ரூவைத் தன் கையால் முடுக்கியிருக்கிறார். நான் கீபோர்டில் என்னவோ தட்டினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் மறைத்தது.

“போயிருக்குண்ணா. மூணு லாரி போயிருக்கு.”

“மூணா?”

“மூணு. மூணும் டிப்பர்.”

எட்டித் திரையைப் பார்த்தார். அதில் இருந்தது அன்றைய டீசல் கணக்கு. அது என்னவென்று படிக்கத் தெரியாதவர் அல்ல அவர்.

“பொய் சொல்லக்கூடத் தெரில உனக்கு” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். “இன்னொருவாட்டி சொல்லு. எத்தினி?”

“மூணுண்ணா.”

“சரி” என்று எழுந்து போனார்.

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. காலையில் முதல் பஸ்ஸில் வந்து அந்த வளைவில் இறங்கிப் பெருக்குகிறார். நான் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள், தினமும் அவரைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் விளக்கமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எனக்கு வழி விட்டு நிற்பார். “பாத்துப் போ கண்ணு” என்பார். அவர் பெற்ற பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. தினமும் நான் வாங்கிக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான் போகிறேன்.