மைக்செட் அங்கிளும் கப்பலேறிய சவரியம்மாளும்

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் அதை மைக்செட் அங்கிளிடம் ரகசியமாகச் சொன்னால் போதும். மனிதர் கெட்டவர் அல்ல. அம்மன் கரகம், மாதா தேர், கல்யாணம், காதுகுத்து என்று வாழ்நாளெல்லாம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது மந்தமாகி, தனக்குக் கேட்கிற அளவுக்குப் பேசப் பழகிவிட்டார். தனக்குக் கேட்கிற அளவு என்றால் அல்சூர் ஏரியில் குளிக்கிற நாரைக்கும் கேட்கிற அளவு.

திருப்பத்தூரிலிருந்து தொம்மலூர் ஆபீசுக்கு வேலைக்கு வந்த நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அவர், கணவரை இழந்த தங்கை ஸ்டெல்லா ஆன்ட்டி, ஆன்ட்டியின் மகள் நிர்மலா. அங்கிள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பொண்ணு கேட்டுப் போனேம்மா. யோசிச்சுச் சொல்றோம்னாங்க. இன்னும் யோசிக்கிறாங்க."

அவருக்கு ஒரே ஒரு பரம்பரைப் பெருமை உண்டு. தாத்தாவின் தகப்பனைப் பெற்ற சவரியம்மாள், வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறி ஃபாரின் போனவள். தண்ணீர் லாரி டிரைவர், கேஸ் சிலிண்டர் பையன், வழி கேட்டு நின்றவர் என்று யாரும் இதைக் கேட்காமல் எங்கள் தெருவைத் தாண்டியதில்லை.

ஒருநாள் சந்தாபுராவில் படுத்த படுக்கையாக இருந்த வயதான அத்தையைப் பார்க்கப் போனவர், அங்கேயும் இதை ஆரம்பித்திருக்கிறார். அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னாராம்: "ஃபாரினாடா அது? அந்தமான். புருஷனக் கொன்னுட்டுப் போனவ. கைக்குழந்தைய அவ நாத்தனார்தான் வளர்த்தா. அந்தக் குழந்தைதான் உன் தாத்தாவோட அப்பன்."

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு சவரியம்மாளைக் குடும்பக் கதையிலிருந்து தூக்கியிருப்பார்கள். அங்கிள் திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தங்கையிடம் சொல்ல ஆரம்பித்தார். வாசல் தாண்டி ஹாலுக்குள் போவதற்குள் எதிர்வீட்டிலிருந்து, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார்கள்.

ஸ்டெல்லா ஆன்ட்டி தலையில் கைவைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நிர்மலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "அண்ணே, உன் கால்ல விழறேன். அன்னிக்கு ஒருநாள் வாயத் திறக்காத."

"டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேணாம். நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றார் அங்கிள், தெருவுக்கே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் காபி எடுத்துக் கொடுக்கக் கீழே இருந்தேன். ஆன்ட்டி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அங்கிள் வாயில் மைசூர்பாகு கரையக் கரைய அடுத்த துண்டு தட்டில் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. பையனின் அம்மாதான் மரியாதைக்காகக் கேட்டுவிட்டார்: "அண்ணா பேசவே மாட்டேங்கிறாரே. உங்க வீட்ல ஒருத்தங்க அந்தக் காலத்துலயே ஃபாரின் போனாங்களாமே, நர்ஸ் வேலைக்கா?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். அங்கிள் மைசூர்பாகை விழுங்கினார்.

"இல்லம்மா. கொலக் கேசு."

எல்லோருடைய முகத்தையும் பார்த்த அங்கிள் அவர்களைச் சமாதானப்படுத்த நினைத்தார். "பயப்படாதீங்க. புருஷன மட்டுந்தான்."

நிர்மலா அப்போது ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் கத்தியைப் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

ஆன்ட்டி அண்ணனோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பாடு போடுவார், தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருக்கும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த அங்கிள், "ஒரு பொம்பளயால ஒரு சம்பந்தமே போச்சு. அவ யாருன்னாவது நான் தெரிஞ்சுக்க வேணாமா? அந்தமான் போறேன்" என்றார்.

"அங்கேயே இருந்துடச் சொல்லு" என்று ஆன்ட்டி என்னிடம் சொன்னார்.

டிக்கெட் போட்டதும் கூடப் போனதும் நிர்மலா. அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்ட் பிளேரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் ஒன்றும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சர்ச்சுக்குப் பூசைக்குப் போனார்கள். பிரசங்கத்தின் நடுவே மைக் கீச்சிட்டது. அங்கிளால் அதைத் தாங்க முடியுமா? எழுந்து போய் வயரைத் திருகிச் சரிசெய்துவிட்டார். பூசை முடிந்ததும் சாமியார் நன்றி சொல்லக் கூப்பிட, இவர் மைக்கை வாங்கித் தமிழிலும் கன்னடத்திலும் பெங்களூர் உருதுவிலும் கேட்டிருக்கிறார்: "கைதியா வந்த சவரியம்மாளோட வம்சம் யாராவது இருக்கீங்களா?"

வெளியே வந்தபோது சாந்தி என்ற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் காத்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது, இந்திதான். "என் தாத்தாவப் பெத்தவங்க பேரு சவரி. முதல் புருஷன் தினமும் அடிப்பானாம். ஒருநாள் இவங்க திருப்பி அடிச்சாங்களாம், அம்மிக் குழவியால."

இதை இப்படி வாசலில் நின்று சொல்கிறீர்களே, கூச்சமில்லையா என்று கேட்டாராம் அங்கிள். அவர் கேட்டதுதான் பெரிய வேடிக்கை. டீச்சர் சிரித்துவிட்டார். "இங்க பழைய குடும்பம் பாதி அப்படித்தான். உங்க ஊர்ல கைதியே இல்லாத குடும்பமெல்லாம் இருக்கா?"

சவரி என்ற பெயரில் எத்தனையோ பேர் வந்திருக்கலாமே என்று நிர்மலாவுக்குச் சந்தேகம். டீச்சர் மேலே சொன்னார். "ஊர்ல ஒரு பையன விட்டுட்டு வந்தாங்க. இங்க இன்னொரு கைதியக் கட்டிக்கிட்டு என் தாத்தா பிறந்ததும், அவருக்கும் அந்தப் பையன் பேரையே வெச்சாங்க. ஏன்னு கேட்டா, 'அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடறதுக்கு ஒரு பிள்ள வேணுமே'ன்னு சொல்வாங்களாம்."

"என்ன பேரு?"

"அருளப்பன்."

அங்கிள் கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மர்பி டவுன் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயர்தான். மைக்செட் அங்கிளின் ஞானஸ்நானப் பெயர் அருளப்பன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஆன்ட்டி நிமிரவே இல்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"ரெண்டாவது புருஷன் அடிச்சானா?"

"இல்லியாம். மீன் புடிச்சுட்டு வந்து அவனே கழுவியும் குடுப்பானாம்."

"அப்ப சரி" என்றார் ஆன்ட்டி. சண்டை அதோடு தீர்ந்தது. "அந்த மாதிரி ஒருத்தன எனக்கும் பாருங்க, இல்லன்னா விடுங்க" என்று நிர்மலா உள்ளேயிருந்து சொன்னாள். யாரும் அவளை அதட்டவில்லை. ஆன்ட்டி உரித்த காயை அள்ளிக்கொண்டு எழுந்தார். "அண்ணே, சவரியம்மா ஆத்மாவுக்குன்னு இந்த ஊர்ல யாரும் ஒரு பூசை வெச்சிருக்க மாட்டாங்க. சாமியார்கிட்ட போய்ச் சொல்லு."

அந்தப் பூசைக்கு சாந்தி டீச்சரும் போர்ட் பிளேரிலிருந்து வந்திருந்தார். ஆன்ட்டியின் பட்டுப்புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் ஆன்ட்டிக்கும் நிர்மலாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோயில் பழக்கம் கிடையாது. கடைசி வரிசையில் தூணோரமாக ஒதுங்கினேன். அங்கிள் எழுந்து அவ்வளவு தூரம் நடந்து வந்தார்.

"ஏம்மா, இங்க என்ன பண்ற? குடும்பத்து ஆளுங்கல்லாம் முன்னாடி உட்காரணும்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. நான் வாடகைக்கு இருப்பவள்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் எழுந்தபோது எழுந்தேன், மண்டியிட்டபோது மண்டியிட்டேன்.